என் கையெழுத்தில் அவளுடைய கதை

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு வராமற் போன பொருள்களை நான் மனதுக்குள் வகை பிரித்து வைத்திருந்தேன். எரிவது: மண்ணெண்ணெய், பற்றறி, மெழுகுதிரி. கழுவுவது: சவர்க்காரம். கட்டுவது: சீமெந்து, இரும்புக் கம்பி. எழுதுவது: கடதாசி. கடைசி இரண்டு வகையும் சேர்ந்துதான் என்னை அந்த வேலைக்குள் கொண்டுபோய் விட்டன.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து, கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். சீமெந்து வராத ஊரில் யார் வீடு கட்டுவார்கள்? வரைபலகைகள் சும்மா கிடந்தன. அலுமாரி நிறையப் பழைய வரைபடங்கள் இருந்தன. கட்டி முடிந்தவை, கட்டாமலே விட்டவை, கட்டிப் பிறகு குண்டில் போனவை. எல்லாவற்றுக்கும் பின்பக்கம் வெள்ளை. கழித்துவிட்டவற்றை விரும்பியவர்கள் கொண்டு போகலாம் என்று மேலதிகாரி சொன்னார். மற்றவர்கள் அடுப்பு மூட்டக் கொண்டு போனார்கள். நான் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் கொக்குவில் வாசிகசாலைக்குக் கொண்டு போனேன்.

வாசிகசாலையில் புதிதாக வாசிக்க ஒன்றும் இல்லாத காலம் அது. செயலாளராக இருந்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஓர் இளைஞர், எல்லாருக்கும் மாஸ்டர். வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் நாங்களே எழுதி ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்வோம் என்றார். ஒரே ஒரு பிரதி. தைத்து, மட்டை போட்டு, வீடு வீடாகச் சைக்கிளில் அனுப்புவது. ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கலாம். கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் சேர்த்துத் தைக்கப்படும். வாசித்தவர் அதில் ஒரு வரியாவது எழுதாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

“தங்கச்சி, உங்கடை எழுத்து அச்சுக் கோத்த மாதிரி. எல்லாற்றையையும் நீங்கள்தான் படியெடுக்க வேணும்,” என்றார் மாஸ்டர். “ஆனா ஒண்டு. உள்ளது உள்ளபடி. ஒரு புள்ளியும் கூட்டிக் குறைக்கக் கூடாது.”

“நானும் ஒரு கதை வைச்சிருக்கிறன், மாஸ்டர்.”

“அதுக்கென்ன, அதையும் போடுவம்.”

அந்த ‘அதையும்’ என்ற சொல்லை நான் அப்போதே கவனித்தேன்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தேழில் உடுப்பிட்டியிலிருந்து தன் சித்தியோடு இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்தவள். எனக்கு ஒத்த வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் பருப்பும் சீனியும் நிறுத்துக் கொடுக்கும் வேலை. நாங்கள் சிநேகிதிகள். மருதனார்மடச் சந்தைக்குச் சேர்ந்து போவோம், ஒரே கிணற்றில் உடுப்புத் தோய்ப்போம். தூரத்தில் இருக்கும் பெரிய எழுத்தாளர் யாரிடமும் எனக்கு எரிச்சல் வந்ததில்லை. பக்கத்தில் நின்று சீலை பிழிகிறவள் என்னைவிட நன்றாக எழுதினால் அதைத் தாங்குவது வேறு விஷயம்.

நான் கதை எழுதும் முறை இப்படி. முதலில் ஒரு தாளில் ஆட்கள் யார் யார், அவர்களின் வயது, வீட்டின் அமைப்பு, என்ன நடக்கும், எந்த இடத்தில் திரும்பும் என்று குறிப்பேன். பிறகு ஒரு நகல். பிறகு திருத்திய நகல். என் முதற்கதை ஷெல் விழுந்து பாதி போன ஒரு வீட்டில் மிச்சப் பாதியைப் பங்கு போடும் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. அந்த வீட்டின் கூரையைத் தாங்கும் வளைகள் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியும்.

அவள் எழுதும் முறை: கடையில் காலியான சீனிப் பையைப் பிரித்து விரித்துக்கொள்வாள். ஓர் ஆளுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆள் வரும்வரை எழுதுவாள். நகல் இல்லை, திருத்தம் இல்லை. மண்ணிறத் தாளில் எழுத்து மேலும் கீழுமாக ஓடும். நடுவே வெற்றிடங்கள் கிடக்கும். யாராவது வந்து கூப்பிட எழும்பிப் போன இடமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கடதாசிப் பஞ்சத்தில் அவற்றை ஒட்டி எழுதிவிட எனக்குக் கை துடிக்கும். மாஸ்டரின் சட்டத்துக்காக உள்ளபடியே விட்டேன். நான் படியெடுத்து முடிந்ததும் அந்தப் பை அவளுடைய சித்தியின் அடுப்புக்குள் போய்விடும். “அதுதான் உன்ரை வடிவான எழுத்தில கிடக்கே, பேந்தென்னத்துக்கு இது?” என்பாள்.

அலுவலகம் விட்டு வந்து, வெளிச்சம் மங்குவதற்குள் முற்றத்தில் மேசை போட்டு எழுதுவேன். முதலில் கூர்ப் பென்சிலால் மெல்லிய கோடுகள். பிறகு மை. ஒரு கதையை வாசிப்பதற்கும் படியெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. வாசிக்கும்போது பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போகலாம். படியெடுக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் என் கையே செய்ய வேண்டும். அவளுடைய ஒரு நல்ல வசனம் வருகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதை மற்ற வசனங்களைப் போலவே, அதே உயரத்தில், அதே இடைவெளியில் எழுதி முடிப்பேன். என் கதையைவிட அவளுடைய கதையை வடிவாக எழுதக் கூடாது, குறைவாகவும் எழுதக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அந்த ஒன்றிலாவது நான் நேர்மையாக இருந்தேன் என்று என்னால் சொல்ல முடியும்.

முதல் இதழ் ஊர் சுற்றித் திரும்பி வந்தபோது பின்பக்கங்களைத்தான் முதலில் திறந்தேன். என் கதைக்கு வந்தவை எனக்கு இப்போதும் மனப்பாடம். ‘ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.’ ‘கையெழுத்து மிக அழகு.’ ‘பயனுள்ள கதை.’ ‘பக்கங்கள் சுத்தமாக உள்ளன, தொடர்ந்து எழுதவும்.’ அவளுடைய கதையில் புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகும் ஒருத்தி வருவாள். அதற்குக் கீழே ஒருவர், ‘அந்த மனிசன் செய்தது சரிதான், இவளுக்கு வாய் கூட’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொருவர், ‘உமது மனைவி இதை வாசித்தாரா?’ என்று கேட்டிருந்தார். இப்படியே ஒரு பக்கம் முழுக்கச் சண்டை. என் சகோதரிகளில் எவள் சரி, எவள் பிழை என்று ஒரு சனமும் கேட்கவில்லை. எவ்வளவு கவனமாக அவர்களுக்கு நியாயம் பிரித்துக் கொடுத்திருந்தேன்!

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். புகழ் வேண்டாம், அச்சில் வர வேண்டாம். நான் எழுதிய ஒன்றுக்காக யாராவது ஒருவர் வந்து என்னோடு சண்டை பிடிக்க வேண்டும்.

அவளோடு எல்லாரும் சண்டை பிடித்தார்கள். சங்கக்கடைக்குப் பங்கீடு எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே சத்தம் போட்டார்கள். அவள் தராசைப் பார்த்தபடி, “நான் என்ன செய்ய அண்ணை, அவள் போயிட்டாளே,” என்று தன் கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் நான் பொறாமைப்பட்ட விஷயங்களில் சேர்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவேயில்லை.

பிறகு அவள் கல்லுக்காரியின் கதையை எழுதினாள்.

மண்ணெண்ணெய் வரிசையில் இடம் பிடிக்கக் கல் வைப்பது அப்போது எங்கள் ஊர் வழக்கம். போத்தல் வைத்தால் போத்தல் போய்விடும். அதனால் வீட்டிலிருந்து அடையாளம் தெரிந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு, வேலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். பின்னால் நிற்பவர் அதைக் காலால் தள்ளிக்கொண்டு வருவார். அவளுடைய கதையில் ஒருத்தி அப்படிக் கல்லை வைத்துவிட்டுப் போகிறாள், திரும்பி வரவில்லை. பின்னால் நிற்கும் பெண், வரிசை நகர நகர அந்தக் கல்லையும் நகர்த்துகிறாள். வெயில் ஏறுகிறது. எங்கோ ஹெலி சுற்றும் சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிப் பதுங்கி, திரும்பி வந்து அவரவர் கல்லோடு நிற்கிறார்கள். கல்லை வைத்தவள் மட்டும் வரவில்லை. கடைசியில் கல் முன்னுக்கு வந்துவிடுகிறது. கல்லுக்கு உரியவர் யாரென்று பார்த்து, “இது ஆற்றை கல்லு?” என்று கேட்கிறான் கடைக்காரன். பின்னால் நின்ற பெண் குனிந்து கல்லைத் தூக்குகிறாள். தன் எண்ணெயையும் வாங்காமல் வரிசையின் வாலுக்குப் போய், அதைக் கீழே வைத்து, அதற்குப் பின்னால் நிற்கிறாள்.

இதைப் படியெடுத்து முடித்த மாலையில் நான் பேனாவைக் கழுவவில்லை. இரண்டு வருடமாக அந்த வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். எங்கள் கல் ஒரு பக்கம் தட்டையானது. நானும் எத்தனையோ கல்லைத் தள்ளியிருக்கிறேன்.

அந்த இதழில் மாஸ்டர் ஒரு புதுமை செய்தார். சனம் பெயரைப் பார்த்துத்தான் வாசிக்கிறது, இந்த முறை ஒருவருக்கும் பெயர் போடாமல் விடுவோம் என்றார். அதில் என்னுடைய கதையும் ஒன்று இருந்தது. இதழ் வீடுகளுக்குள் போய் ஒரு வாரம் இருக்கும், மருதனார்மடச் சந்தையில் மில்லடி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊரில் நெல்லுக் குத்தும் மில்லுக்குப் பக்கத்து வீடு. அவருடைய வீட்டுக்குச் சஞ்சிகை போனது அதுவே முதல் தடவை; அது என் கையெழுத்து என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“எடி பிள்ளை, நில்லு! உன்ரை கதை வாசிச்சனான். ராத்திரி எனக்கு நித்திரை இல்லை. அந்த விசரி ஏனடி திரும்பக் கடைசியில போய் நிண்டவள்? தன்ரை எண்ணையை வாங்கி, மற்றவளின்ரை பங்கையும் வாங்கி வைச்சிருந்தா, அவள் வரேக்கை குடுத்திருக்கலாமெல்லே?”

முன்னால் கத்தரிக்காய் குவித்து வைத்திருந்தது. நான் ஒரு காயை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அந்தச் சண்டை என்னுடையதாக இருந்தது. பிறகு சொன்னேன்:

“அது என்ரை இல்லை, அக்கா. எழுத்து மட்டும்தான் என்ரை. கதை அவளின்ரை, சங்கக்கடையில நிக்கிறவள்.”

“அதுதானே பாத்தன்!” என்றார் மில்லடி அக்கா, பெரிய குழப்பம் தீர்ந்தவர் போல. “நீ ஒழுங்கான பிள்ளை. நீ உப்பிடி எழுதமாட்டாய் எண்டு நினைச்சனான். அப்ப உன்ரை எது?”

“வாத்தியாற்றை பென்சன் கதை.”

“ஓ… அதுவோ. அதுவும் நல்லாத்தான் கிடந்தது.”

என் கையை விட்டுவிட்டு, அவர் நேரே சங்கக்கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. அம்மா என் கதைகளை முதற் பக்கம் வரை வாசித்துவிட்டு, “கண் நோகுது, பேந்து பாப்பம்” என்று மூடிவைப்பார். அந்த இதழை மட்டும் அடுப்படியில் வைத்து, கீரை ஆய்ந்தபடி கடைசிவரை வாசித்தார். வாசித்து முடித்துக் கீரையைத் தள்ளி வைத்தார்.

“அவள் வரமாட்டாள், என்ன?” என்றார்.

“ஆர்?”

“கல்லுக்காரி.”

“எனக்கென்ன தெரியும்? அவளைக் கேளுங்கோ,” என்று சொல்லிவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். மழை. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வேண்டியதில்லை. நான் தூக்கிவந்தவை: இரண்டு மாற்றுடுப்பு, அம்மாவின் மருந்து, என் சான்றிதழ்கள், பேனாக்கள் இருந்த தகரப் பெட்டி, ஈரம் படாமல் சுருட்டிக் கட்டிய கொஞ்சம் தாள். சஞ்சிகைகள் எல்லாம் வாசிகசாலை அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரி பூட்டி, திறப்பு மாஸ்டரிடம். மாஸ்டர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது.

சாவகச்சேரிக்கு உள்ளே, தூரத்து உறவினர் ஒருவரின் தென்னங்காணியில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். சில கிழமைகள் கழித்து அவள் என்னைத் தேடிப் பிடித்து வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் சித்தியோடு இருக்கிறாளாம். அங்கேயும் பருப்பு நிறுப்பதுதான் வேலையாம். “எங்கை போனாலும் தராசு என்னை விடாதடி,” என்றாள். மெலிந்திருந்தாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“கொழும்பில ஒரு சஞ்சிகைக்காரர் எங்கடை பக்கக் கதையள் கேட்டிருக்கினமாம். அங்கை போற ஒராள் கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டவர். எனக்கு அந்தக் கல்லுக் கதை வேணும்.”

“அது அலுமாரிக்கை எல்லே கிடக்கு.”

“சீனிப் பையும் எரிஞ்சு போச்சு. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. திரும்ப எழுதிப் பாத்தன், வருகுதில்லை.” என் முகத்தைப் பார்த்தாள். “உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எழுதினதெல்லாம் உன்ரை தலைக்கை கிடக்கும்.”

ஓம், கிடந்தது. என் சொந்தக் கதைகளில் ஒரு பக்கம்கூட எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. அவளுடைய கதையோ எந்த வரி எந்தப் பக்கத்தில், தாளின் மேலேயா கீழேயா என்பதோடு கண்ணுக்குள் நின்றது. அந்த நேரத்தில் அந்தக் கதை எங்கள் கைக்கு எட்டும் இடம் வேறெதிலும் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது. அவளும் நம்பியிருப்பாள்; அந்த மாதங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தோம்.

“நாளையிண்டைக்கு வா,” என்றேன்.

ஏன் எழுதிக் கொடுத்தேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். சிநேகிதத்துக்காக என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் செய்த பக்கங்கள் அவை. நான் கோடு போட்டு, நான் மை தொட்டு, ஒரு பிழையில்லாமல் முடித்த பக்கங்கள். அவை அலுமாரிக்குள் கறையானுக்குப் போகும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அடுத்த நாள் பகலில் எழுதினேன். கை தானாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் நின்றது. இடப்பக்கத் தாள், கீழிருந்து ஏழெட்டு வரிக்கு மேலே. “இது ஆற்றை கல்லு?” என்று கடைக்காரன் கேட்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பெண் கல்லைத் தூக்குகிறாள். இடையில் ஒரு வரி இருந்தது. அதற்கு நான் பென்சில் கோடு போட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதில் என்ன எழுதினேன் என்பது வரவேயில்லை. அவள் ஏதோ பதில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதிலாக இருந்திருக்கும், வழக்கம் போல.

நெடுநேரம் இருந்து பார்த்துவிட்டு, நானே ஒரு பதிலை எழுதினேன். ‘இந்தக் கல்லுக்கு உரியவள் வரும்வரை இந்த வரிசை முடியாது என்றாள் அவள்.’ எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பொருத்தமாகவே இருந்தது. கதை முழுவதிலும் அதுதான் சிறந்த வரி என்றுகூட எனக்குத் தோன்றியது. அவள் கண்டுபிடிக்கமாட்டாள் என்று நினைத்தேன். கண்டுபிடிக்காமல் அது கொழும்புக்குப் போய் அச்சில் வரும் என்று நினைத்தபோது, வெகுகாலத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் வந்து தென்னங்குற்றியில் இருந்து வாசித்தாள். “சொன்னனான்தானே! அச்சொட்டு!” என்று ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு நின்றாள்.

“இது ஆர் சொன்னது?”

“அந்தப் பொம்பிளை. கடைக்காரன் கேட்க.”

“இல்லை. இதை நான் எழுதேல்லை.”

“அதிலை ஒரு வரி இருந்ததடி. எனக்குச் சொல்லு மறந்து போச்சு. கருத்து அதுதான்.”

“என்ன கருத்து? மண்ணெண்ணைக் கியூவில நிக்கிறவள் உப்பிடியோ கதைப்பாள்? மைக் பிடிச்சு மேடையில நிண்டு கதைக்கிற மாதிரி!”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன், அவள் கதைக்கக் கூடாதோ? காலமை தொடங்கி வெயிலில நிண்டவள். ஆரோ ஒருத்தியின்ரை கல்லைத் தள்ளித் தள்ளிக் கால் நொந்தவள். கேட்கேக்கை ஒரு பதில் சொல்லத்தானே வேணும்?”

“வேண்டாம்! சொன்னா அவள் நல்ல பிள்ளையாப் போயிடுவாள். அவள் நல்ல பிள்ளை இல்லை. அவளுக்குப் பயம்.”

“என்ன பயம்?”

“அந்தக் கல்லின்ரை முறை முடிஞ்சால் கல்லுக்காரி வரமாட்டாள் எண்டது முடிவாப் போயிடுமெல்லே, விசரி!”

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து சுளகோடு எழும்பி வந்தார்.

“என்ன பிள்ளையள், காணிக்காரர் கேட்கப் போகினம்! என்ன சண்டை?”

“அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. கல்லுக் கதையில, கடைக்காரன் கேட்க அந்தப் பொம்பிளை என்ன சொன்னவள்?”

அம்மா யோசிக்கவே இல்லை. “அவள் எங்கை வாய் திறந்தவள்? பேசாமல் கல்லைத் தூக்கிக்கொண்டு போனவளெல்லே. அந்த இடத்தில ஒரு வரி சும்மா கிடந்தது. நான் முதல் மை அழிஞ்சு போச்சாக்கும் எண்டு பாத்தனான்.”

அப்போதுதான் எனக்கு அந்த வரி முழுவதாக ஞாபகம் வந்தது. கோடு போட்டிருந்தேன், எழுதாமல் விட்டிருந்தேன். சீனிப் பையில் இருந்த வெற்றிடங்களில் ஒன்று. எழும்பிப் போன இடம் என்று நான் நினைத்த இடம். உள்ளது உள்ளபடி என்பதால் தாளைப் பார்த்து அதைச் சரியாகச் செய்த கை, தாள் இல்லாதபோது அதை நிரப்பிவிட்டது. வரைபடத்தில் ஓர் அறையைப் பெயர் குறிக்காமல் விடப் பழகாதவள் நான்.

அவள் கொஞ்சம் தணிந்து, “கோவிக்காதை. நல்ல வரிதான். என்ரை கதைக்கு இல்லை,” என்றாள்.

“நல்ல வரி எண்டு சொல்லாதை,” என்றேன். “முந்திச் சொன்னதையே சொல்லு.”

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு அது போதும். எனக்கு அன்று காது சூடாக இருந்தது. நான் எழுதிய ஒரு வரிக்காக ஒருத்தி என்னோடு நின்று சண்டை பிடித்திருந்தாள், அதுவும் அவள். வென்றது அவள்தான். அதையும் நான் கவனிக்காமல் இல்லை.

தகரப் பெட்டியிலிருந்து பாதிச் சவர அலகை எடுத்தேன். தடித்த தாளில் மை பிழைத்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். அலகைச் சரித்துப் பிடித்து, மையை மட்டும் மெல்ல மெல்லச் சுரண்டுவது. அவள் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் சொல்லாக அந்த வரி தூளாகிப் போனது. ஊதிவிட்டு, நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்தால் மட்டும் அந்த இடம் சொரசொரப்பாக இருந்தது.

கதை கொழும்புக்குப் போய், பல மாதம் கழித்து அச்சில் வந்தது. சஞ்சிகையை அவள் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாள். அவளுடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கடைக்காரன் கேட்ட கேள்விக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்றுதான் இருந்தது.